ஒரே மூச்சுக்காரியின் முதல் வார்த்தை

பல் துலக்கும்போது அவளுக்கு ஒரு பழக்கம். பிரஷ்ஷில் பசையைப் பிதுக்கியதும் போனைச் சோப்புத் தட்டில் சாய்த்து நிறுத்துவாள். ஈரம் படாமலிருக்க அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைப்பாள். திரையில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருக்கும் விமான நிலையத்தின் வானிலை அறிக்கை வந்து நிற்கும். எழுத்தும் எண்ணும் கலந்து, வண்டிகளின் நம்பர் பலகைகளைக் கழற்றி வரிசையாக ஒட்டவைத்ததுபோல ஒரே ஒரு வரி. பிரஷ் இடப்பக்கக் கடைவாய்க்கு ஏறியதும் மூச்சை ஆழமாக இழுத்துக்கொள்வாள். அப்புறம் மடை திறந்ததுதான். காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன வேகம், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும், மேகம் எந்த உயரத்தில், வெப்பம் எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு என்று அந்த வரியை வாய்விட்டுப் பிரித்துக்கொண்டே போவாள். நுரை தாடையில் வழிந்து கழுத்துக்கு இறங்கும். நிறுத்த மாட்டாள். கடைசி எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் துப்புவாள். நடுவில் மூச்சு வாங்கிவிட்டால் தோற்றதாகக் கணக்கு. இன்னொரு ஊரை எடுத்து முதலிலிருந்து தொடங்குவாள்.

"அண்ணி, உள்ள எத்தனை ஊரை வெச்சுப் பூட்டியிருக்கீங்க? ஒரு ஊரையாவது வெளிய விடுங்க. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று நாத்தனார் கதவைத் தட்டுவாள். நாத்தனாருக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. நாளெல்லாம் பிறர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள் என்பதாலோ என்னவோ, அவளுடைய வாய்க்குக் கதவே கிடையாது.

"வர்றேன்டி. கடைசி மேகம்."

"மேகத்தைத் துப்பிட்டு வாங்க, போதும்."

அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில். ஒற்றை ஓடுபாதை, தகரக் கொட்டகை, பறக்கிற விமானம் இரண்டு, எப்போதும் வயிற்றைத் திறந்து போட்டபடி நிற்கிற விமானம் ஒன்று. காலையில் பையன்களையும் பெண்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பறக்கக் கற்றுத் தருவாள். வெயில் ஏறியதும் கரும்பலகை முன்னால் நின்று வானிலைப் பாடம் எடுப்பாள். அந்தப் பாடத்தால்தான் மாணவர்கள் அவளுக்கு 'ஒரே மூச்சு' என்று பெயர் வைத்தார்கள். அவள் காதுபடச் சொல்ல மாட்டார்கள். அவளுக்கும் தெரியும், தெரியாதமாதிரி இருந்துவிடுவாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பெருமைப்பட இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே படித்து முடித்து, பெரிய விமான நிறுவனங்களின் நேர்முகத்துக்குப் போகிறவர்களில் வானிலைக் கேள்வியில் மண்ணைக் கவ்வியவர் எவரும் இல்லை. அவள் கரும்பலகையில் எழுதிப்போட்டதைச் சொல்லியே தேறி, தோளில் தங்கப் பட்டையோடு திரும்பி வந்து இனிப்புக் கொடுப்பார்கள். அப்படி வந்த ஒருவன் ஒருநாள் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் எதிரே நின்று, கள்ளம் கபடமில்லாமல் கேட்டான்.

"மேடம், நீங்க எப்ப அங்க வர்றீங்க?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். அவன் கொடுத்த இனிப்பை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

ஏனென்றால் அவள் ஏற்கெனவே போய்விட்டு வந்திருந்தாள், ஒருமுறைக்கு இருமுறை. அவள் ஆசைப்பட்ட அந்த நிறுவனம் ஓர் ஆளை மூன்று தடவைக்கு மேல் பார்க்காது. இரண்டு வாய்ப்பும் போய்விட்டன. மிச்சம் ஒன்றுதான். அதுவும் போனால் தகரக் கொட்டகை, கரும்பலகை, பிறருடைய தோள்பட்டைகள். வயதும் நின்றுகொண்டிருக்கவில்லை. பறக்கக் கற்றுத்தருவது கேவலமான வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மேலே வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போகும் பெரிய விமானத்தைப் பார்க்கும்போதெல்லாம், தன் வீட்டு விசேஷத்தைத் தெருவில் நின்று பார்ப்பதுபோல ஒன்று நெஞ்சுக்குள் கனக்கும்.

இரண்டு முறையும் கவிழ்ந்தது வானிலையில்தான். வேறு எதிலாவது என்றால் ஒப்புக்கொண்டிருப்பாள். இது மீனவன் வீட்டுப் பிள்ளை தொட்டித் தண்ணீரில் மூழ்கியதுபோல் இருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கேட்காததற்கும் சொன்னாள். இரண்டாவது முறை அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நரைத்த தலையோடு மூத்த கேப்டன், வானிலை சொல்லித்தரும் பயிற்சியாளர் அம்மா, ஆளெடுக்கும் பிரிவின் அதிகாரி. அந்த அம்மா தாளை மேஜையில் வைத்துக் கையை எடுப்பதற்குள் இவள் பாதி வாசித்து முடித்திருந்தாள். கேப்டன் முகவாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சரிம்மா, அப்ப என்ன பண்ணலாம்?" என்றார். அதற்கு அவள், அடுத்த ஆறு மணி நேரத்துக்கான முன்னறிவிப்பையும் சேர்த்து ஒப்பித்தாள். அவர் தலையாட்டினார். பேனாவை மூடினார். அந்தச் சின்ன 'டிக்' சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

"எங்கதான் தப்பாச்சு?" என்று கணவன் கேட்டான்.

"தப்பே இல்லங்க. ஒரு எண்ணுகூட விடல."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"இன்னும் வேகமாச் சொல்லியிருக்கணும்போல."

கணவன் டியூட்டிக்குக் கிளம்பினான். அவனுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, அலறியடித்து வரும் அழைப்புகளைக் கேட்டு வண்டி அனுப்புவது. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே காசு கேட்பான் என்று நாத்தனார் கேலி செய்வாள். "அண்ணன் ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைன்னு ரேஷன் வெச்சிருக்கு. எல்லாத்தையும் ஆபீஸ்லயே செலவழிச்சிட்டு வந்துடுது."

அவள் தன் வைத்தியத்தைத் தானே செய்துகொண்டாள். இன்னும் படித்தாள். உயரத்தில் ஓடும் காற்று, இறக்கையில் படியும் பனி, இடிமேகத்தின் வயிற்றுக்குள் நடக்கும் கலாட்டா, எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லப் பழகினாள். குளியலறையில் ஒரு மூச்சுக்கு ஓர் ஊர் என்றிருந்தது, ஒரு மூச்சுக்கு இரண்டு ஊர் ஆயிற்று.

அப்படி இருக்கையில்தான் கணவன் மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜ் மேல் மறந்துவிட்டுப் போனான். அது இல்லாமல் அவனுக்குத் திரையில் தெருப் பெயர் தெரியாது. அவள் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கட்டுப்பாட்டு அறை அவள் நினைத்ததுபோல் பரபரப்பாக இல்லை. நூலகத்தைப்போல அடங்கிய குரல்கள். ஏ.சி. குளிர். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வரைபடம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. கணவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேஜைக்காரரின் கண்ணாடியைக் கடன் வாங்கி மூக்கு நுனியில் தொங்கவிட்டிருந்தான். அழைத்தவர் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. கணவன் பேசுவது மட்டும் கேட்டது.

"சொல்லுங்க ஐயா… சரிங்க. நெஞ்சு வலியா. எங்க இருக்கீங்க?… பிரஷர் நூத்தி அறுபதா. சரிங்க. எந்தத் தெரு?… மாத்திரை காலையிலயே போட்டாங்களா. நல்லதுங்க. எந்தத் தெரு?… ஐயா, நீங்க மருந்துக்கடை வெச்சிருந்தவரா? புரியுதுங்க. எல்லாம் கரெக்டா சொல்றீங்க. நாடித்துடிப்பு இருக்கட்டுங்க. எந்தத் தெரு?"

குரல் உயரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வார்த்தை, அதே நிதானத்தில், கதவைத் தட்டுவதுபோல.

"ஐயா, நீங்க சொன்ன எதுவும் தப்பில்ல. ஆனா அதை வெச்சு என்னால வண்டியை நகர்த்த முடியாது. எந்தத் தெருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வண்டி கிளம்பிடும். அப்புறம் நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்… ஆங். வந்துட்டே இருக்கு. இப்ப சொல்லுங்க, பிரஷர் எவ்வளவு?"

அவள் கையிலிருந்த கண்ணாடிப் பெட்டியின் மூடி 'டிக்' என்று தானாக மூடிக்கொண்டது. கேப்டனின் பேனாச் சத்தம். 'அப்ப என்ன பண்ணலாம்?' என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. கேட்டது தெருவின் பெயரை. அவள் சொன்னது நாடித்துடிப்பை.

கணவன் திரும்பிப் பார்த்தான். "என்ன, முகம் இப்படி இருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?"

"எனக்குத்தான். ரெண்டு தடவை வண்டி வராமப் போச்சு" என்று கண்ணாடியைக் கையில் திணித்துவிட்டு நடந்தாள். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பதற்குள் படி இறங்கியிருந்தாள்.

அந்த வார இறுதியிலிருந்து இஸ்திரி மேஜை நேர்முக மேஜை ஆனது. ஒரு பக்கம் அவள். எதிரே அண்ணனும் தங்கையும். தங்கை கையில் ஒரு கரண்டியும் கவிழ்த்துவைத்த ஒரு பாத்திரமும். விதி ஒன்றுதான்: முதல் வார்த்தை 'போவேன்' அல்லது 'போகமாட்டேன்'. வேறு எந்த வார்த்தை முதலில் வந்தாலும் கரண்டி பாத்திரத்தில் விழும்.

"இந்தாங்க தாள். என்ன பண்ணுவீங்க?" என்று கணவன் கேட்பான்.

"காத்து வடக்கிலேர்ந்து…"

டங்.

"சரி, சரி. மேகம் தாழ்வா…"

டங்.

"ஏய், பாத்திரம் சொட்டையாகிடும்டி!"

"ஆகட்டும் அண்ணி. எங்க டாக்டர்கிட்டயும் இப்படித்தான் வருவாங்க. எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டா, பத்து வருஷமா என்னென்ன சாப்பிட்டாங்கன்னு கதை. டாக்டர் ஒண்ணும் பேச மாட்டாரு. குச்சியால ஒவ்வொரு பல்லா தட்டுவாரு. சரியான பல்லு வந்தா தானாக் கத்துவாங்க. நீங்க கத்தற வரைக்கும் நான் தட்டுவேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. கணவனைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தெரியும் இதுல? டியூ பாயின்ட்னா என்னன்னு தெரியுமா?" என்று வெடித்தாள்.

"தெரியாது" என்றான் அவன். "தெரியாத ஆளுக்குத்தானே முடிவு வேணும்? விமானத்துல பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் தெரியாதே."

அவள் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள். எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இன்னொரு தாள் குடுங்க."

முடிவை முதலில் சொல்வது கேட்பதற்குத்தான் எளிது. முடிவு முதலில் வரவேண்டுமானால், அதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு யோசிக்க வேண்டியிருந்தது. வாயை மூடினால் மௌனம் வந்தது. மௌனம் வந்தால், தனக்கு ஒன்றும் தெரியாது என்று எதிரே இருப்பவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம் வந்தது. இத்தனை வருஷமாக ஒரே மூச்சில் பேசியதெல்லாம் அந்த மௌனத்தைத் தாண்டி ஓடத்தான் என்பது, கரண்டிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே உட்கார்ந்தபோது அவளுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பாக இருந்தது. அப்புறம் மெல்லப் பழகிவிட்டது. மௌனத்துக்குள் இருக்கும்போது கண் சும்மா இருக்கவில்லை. எண்களுக்குப் பின்னால் நிலம் தெரியத் தொடங்கியது. இந்த வரியைச் சொன்ன ஊரின் பக்கத்தில் என்ன இருக்கிறது? கடலா, குன்றா, சதுப்பு நிலமா? அந்த ஊரில் இப்போது விடிந்துவிட்டதா?

ஒருநாள் குளியலறையிலிருந்து சத்தமே வரவில்லை. நாத்தனார் பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். "அண்ணி! இருக்கீங்களா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "போகமாட்டேன்." சற்றுக் கழித்து, "ஏன்னா எதிர்க்காத்து இல்ல, பக்கவாட்டுக் காத்து."

"நீங்க போக வேணாம். வெளிய வந்தா போதும்."

மூன்றாவது நேர்முகத்தன்று காத்திருக்கும் அறையில் அவளைத் தவிர எல்லோரும் இளைஞர்கள். புது ஷூக்களின் தோல் வாசனை. ஆளாளுக்கு உதடு அசைந்தபடி இருந்தது. பக்கத்திலிருந்த பையன் அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றான். "குட் மார்னிங் மேம். உள்ள கேள்வி கேக்கறது நீங்களா?"

"உட்காருப்பா. நானும் உன் வரிசைதான்."

அவன் அசடு வழிந்தான். அவன் மடியில் பிரதியின் பிரதியாக மங்கிப்போன தாள்கட்டு ஒன்று இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். இடிமேகத்தின் படம். அதன் வயிற்றில் கோணலாக வரைந்த அம்புக்குறி. அந்தக் கோணல் அவளுடையது.

"இது எங்க கிடைச்சது?"

"சீனியர் குடுத்தாரு மேம். வானிலைக்கு இதை விட்டா வேற கிடையாதாம். இதை எழுதினவங்க இப்ப வெளிநாட்டுல பெரிய கேப்டனாம்."

"அப்படியா?" என்றாள் அவள். "அவங்களைப் பார்த்தா நான் விசாரிச்சதாச் சொல்லு."

உள்ளே அதே மூன்று பேர். கேப்டனின் நரை இன்னும் வெளுத்திருந்தது. ஆளெடுக்கும் அதிகாரி அவளை அடையாளம் கண்டு, ஐயோ பாவம் என்பதுபோல் புன்னகைத்தார். பயிற்சியாளர் அம்மா மேஜைமேல் ஒரு தாளை வைத்தார். அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு வரைபடம், பாதி வெளியே தெரிந்தது.

"விடியறதுக்கு முன்னாடி கிளம்பறீங்க. விடிஞ்சு கொஞ்ச நேரத்துல இறங்கணும். இது போற ஊரோட நிலவரம். இது மாற்று நிலையத்தோட நிலவரம்" என்றார் அந்த அம்மா. போகிற ஊர் மூடிக்கொண்டால் இறங்குவதற்கென்று இன்னொரு ஊரை முன்கூட்டியே தீர்மானித்து, அதுவரை போக எரிபொருள் ஏற்றிக்கொள்வார்கள். அந்த இரண்டாவது ஊரைத்தான் மாற்று நிலையம் என்பது.

அவள் தாளைப் பார்த்தாள். நாக்கு நுனியில் காற்றும் மேகமும் வந்து முண்டியடித்தன. மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சைப் பேசாமலே விட்டாள்.

போகிற ஊரில் காற்று இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான். வானம் நிர்மலம். வெப்பமும் டியூ பாயின்ட்டும் ஒரே எண். அதாவது காற்றில் இருக்கும் ஈரம் பனியாக மாறத் தயாராக நிற்கிறது. தரையையொட்டி லேசான பனிமூட்டம் விழுந்துவிட்டிருந்தது. மாற்று நிலையத்தில் நிலைமை தேவலை, ஆறு கிலோமீட்டர் வரை தெரிகிறது. யார் பார்த்தாலும் நிம்மதியாகும் எண். அவள் தாளை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்த வரைபடத்தை வெளியே இழுத்தாள். ஓர் ஆறு. அதன் மேல்பக்கத்தில் போகிற ஊர். கொஞ்சம் கீழே, அதே ஆற்றின் கரையில், மாற்று நிலையம். இரண்டு பக்கமும் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கடலோரம் இன்னொரு நிலையம், தூரத்தில்.

சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. ஆளெடுக்கும் அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். எங்கோ தொலைவில் ஒரு கரண்டி பாத்திரத்தில் விழாமல் காத்திருந்தது.

"போவேன்" என்றாள் அவள்.

கேப்டன் நிமிர்ந்தார்.

"ஆனா இந்த மாற்று நிலையத்தை நம்பி இல்ல சார். கடலோரத்துல இருக்கற நிலையத்துக்குப் போற அளவுக்கு எரிபொருள் ஏத்திட்டுப் போவேன்."

"ஏன்? பக்கத்துல இருக்கறது நல்லாத்தானே இருக்கு? ஆறு கிலோமீட்டர் தெரியுதே."

"இப்ப தெரியுது சார். நாம போய்ச் சேர்றப்ப தெரியாது. ரெண்டு ஊரும் ஒரே ஆத்துப் பள்ளத்துல இருக்கு. ஒரே போர்வை சார். தலைமாட்டுல ஒரு ஊர், கால்மாட்டுல ஒரு ஊர். இழுத்து மூடினா ரெண்டும் உள்ள போயிடும்."

"விடிஞ்சா வெயில் வரும். பனி கலைஞ்சிடும்."

"கலையும். ஆனா உடனே கலையாது. வெயில் பட்டதும் தரையில கிடக்கற ஈரம் மேல கிளம்பும். அடியில தூங்கிட்டிருந்த காத்து புரண்டு படுக்கும். முதல்ல இன்னும் கெட்டியாகி, அப்புறம்தான் விலகும். நாம இறங்கற நேரம் அந்த 'முதல்ல'தான்."

பயிற்சியாளர் அம்மா கேப்டனைத் திரும்பிப் பார்த்தார். கேப்டன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். குரல் மாறிவிட்டது.

"சரி. இப்ப நான் கேப்டன். நீங்க துணை விமானி, சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. நான் இந்த வழியில வருஷக்கணக்கா ஓட்டறவன். எரிபொருள் கூட ஏத்தினா லேட்டாகும், மேலிடத்துல கேள்வி வரும். நான் சொல்றேன், பக்கத்து நிலையமே போதும். கிளம்பலாம். என்ன சொல்றீங்க?"

"வேணாம் சார்."

"வேணாமா?"

"வேணாம். காரணம் சொல்லிட்டேன். திரும்பக் கேட்டீங்கன்னா திரும்பச் சொல்வேன். எத்தனை தடவை கேட்டாலும் முதல் வார்த்தை அதுதான்."

"எனக்குக் கோபம் வருது."

"வரட்டும் சார். கோபத்தோட கடலோரம் போய்ப் பத்திரமா இறங்கிக்கலாம். சமாதானமாப் போய் ஆத்துமேல சுத்திட்டிருக்க முடியாது."

ஆளெடுக்கும் அதிகாரி குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறி டையெல்லாம் நனைந்தது. கேப்டன் சிரிக்கவில்லை. "நான் மூத்தவன். உங்க வேலை என் கையில இருக்கு. அப்பவும்?"

அவள் மறுபடி அந்த மௌனத்துக்குள் போனாள். இந்தத் தடவை அங்கே பயமாக இல்லை.

"முடிவு உங்களுது சார், நீங்கதான் கேப்டன். ஆனா எனக்குத் தெரிஞ்சதை நீங்க கேக்காம விமானக் கதவைச் சாத்த விடமாட்டேன்."

கேப்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னும் துடைத்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. அவள் எழுந்து கதவருகே வந்து திரும்பிப் பார்த்தபோது, பேனா திறந்தபடியே மேஜைமேல் கிடந்தது.

முடிவு வந்த அன்று அவள் ஆகாயத்தில் இருந்தாள். பக்கத்தில் ஒரு மாணவி. போன் பள்ளி அலுவலகத்தில் பைக்குள் கிடந்து அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. ஆளெடுக்கும் அதிகாரி, அவள் கொடுத்திருந்த இன்னொரு எண்ணுக்குப் போட்டார். அது கட்டுப்பாட்டு அறையிலிருந்த கணவனிடம் போயிற்று. அதிகாரி முறைப்படி ஆரம்பித்தார். வணக்கம், இன்ன நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், அண்மையில் நடந்த தேர்வில் பல கட்டங்களில்…

"சார்" என்று இடைமறித்தானாம் கணவன். "எடுத்தீங்களா, இல்லையா? அதை மட்டும் முதல்ல சொல்லுங்க. மத்ததை அப்புறம் கேக்கறேன்."

எதிர்முனையில் தாள் புரட்டும் சத்தம். பிறகு, "எடுத்துட்டோம் சார்."

வார்த்தைக்கு ரேஷன் வைத்திருந்தவன், அன்றைக்கு அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினானாம். கத்தி முடித்ததும் பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டானாம்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. ஓடுபாதையில் இறங்கி, கொட்டகை முன்னால் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, மாணவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். முதல் ஆள் கையில் சிவப்பு நிறத் தீயணைப்பு வாளி. அந்தப் பள்ளியில் முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்குகிறவர் தலையில் அந்த வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பது வழக்கம்.

"இவ இன்னும் தனியாப் பறக்கலையே, எதுக்குடா வாளி?" என்று மாணவியைக் காட்டிக் கேட்டபடி இறங்கினாள்.

"இவளுக்கு இல்ல மேடம்" என்றான் வாளிக்காரன்.

சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் விழுந்தது. பின்னாலேயே இரண்டாவது வாளி. மூன்றாவது. யாரோ குழாயையே இழுத்து வந்துவிட்டார்கள். காதில், மூக்கில், காலணிக்குள் எங்கும் தண்ணீர். நனைந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டு அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமாக ஒரு மூச்சில் உலகத்தையே சொன்ன வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

"ஒரே மூச்சு! ஒரே மூச்சு!" என்று பையன்கள் முதன்முறையாக அவள் காதுபடக் கத்தினார்கள்.

அன்று மாலை நாத்தனார் சொட்டைவிழுந்த பாத்திரத்தைத் துடைத்து, கூடத்து அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாள். "அண்ணி, உங்க கோப்பை."

பயிற்சிகள் முடிந்து, தோளில் பட்டையோடு அவள் பெரிய விமானங்களில் போய்வரத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். ஊழியர்கள் ஓய்வறையில் தேநீர் இயந்திரத்தின் முன்னால் அந்தப் பயிற்சியாளர் அம்மாவைப் பார்த்தாள். பேச்சுவாக்கில் அந்த நேர்முகத் தாளைப் பற்றிக் கேட்டாள்.

"அந்தக் கேள்வியை நீங்க நல்லா யோசிச்சுத் தயாரிச்சிருக்கீங்க மேடம்."

"தயாரிக்கலைம்மா" என்றார் அந்த அம்மா, கோப்பையைக் கையில் உருட்டியபடி. "அது நிஜமா ஒருநாள் காலையில வந்த அறிக்கை. தேதியை மட்டும் எடுத்திருக்கோம். ரொம்ப வருஷம் முன்னாடி. அந்த விமானம் பக்கத்து நிலையத்தை நம்பித்தான் போச்சு. ரெண்டும் மூடிக்கிச்சு. மலையைத் தாண்டிக் கடலோரம் போய் எப்படியோ இறங்கினாங்க. ஓடுபாதையை விட்டு விலகி நிக்கக்கூட எரிபொருள் மிச்சமில்ல. இழுவை வண்டி வந்து இழுத்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

மீதியையும் அந்த அம்மாவே சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் வரைபடத்தைப் பார்த்து, இரண்டும் ஒரே பள்ளம் என்று கண்டுகொண்ட ஓர் ஆள் அந்த விமானத்தில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன துணை விமானி. பக்கத்தில் மூத்த கேப்டன் இருந்ததால் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தத் துணை விமானிதான் இன்றைக்குப் பேனாவை மூடும் நரைத்த தலைக் கேப்டன்.